சூரிச்சில் குடிக்காத தேத்தண்ணி

இப்பொழுதெல்லாம் ஆட்கள் சுகம் விசாரிப்பதில்லை. விலைதான் விசாரிக்கிறார்கள். அதுவும் இந்த ஊர் விலை இல்லை. அரைக் கிலோ போஞ்சிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் வீதியில் நிம்மதியாகப் போக முடியாது. எதிரே வருகிறவன் பைக்குள் எட்டிப் பார்ப்பான். "இது டொரொன்டோவில என்ன விலை தெரியுமா?" என்பான். பல் பிடுங்கினால் லண்டனில் பல் பிடுங்கும் கூலியைச் சொல்வான். போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு சாவீடு. பெட்டியைத் தூக்கப் போகும் நேரம், மெல்பேர்னிலிருந்து வந்திருந்த மருமகன் அங்கே ஒரு ஆளைப் புதைக்க எவ்வளவு காசு முடியும் என்று கணக்குச் சொன்னான். சுற்றி நின்ற நாலு பேர், செத்தவர் நல்ல லாபத்தில் போகிறார் என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

உலகப்பனுக்கு இந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. எழுபத்திரண்டு வயது. புறக்கோட்டையில் நாற்பத்தொரு வருஷம் மூட்டை சுமந்தவர். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவர். வெளிநாடு என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாக்கின் மேல் அச்சடித்த பெயர்கள்தான். பாகிஸ்தான் வெங்காயம், கனடாப் பருப்பு. எந்த நாட்டு மூட்டையும் முதுகில் ஏறினால் ஒரே கனம் என்பதுதான் அவர் படித்த பூகோளம்.

சனங்கள் பேசுவதோடு நின்றிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு போயிருப்பார். அரசாங்கமும் அதே கதையைக் கதைக்கத் தொடங்கியது. கதைப்பதற்கு மேசை நாற்காலியோடு ஒரு கந்தோரும் திறந்தது.

அந்தக் கந்தோரிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது மூன்று மொழியில். அவருக்கு மூன்றும் ஒன்றுதான். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார்; ஆனால் அரசாங்கம் எழுதும் தமிழ் எவ்வளவு கூட்டினாலும் கூடி வராது. ஆகவே கடிதத்தை எடுத்துக்கொண்டு புவாத்தின் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். அங்கே மஷூர் நானா இருந்தார். பழைய தையல்காரர். ஐம்பது வருஷச் சிநேகிதர். முக்கியமாக, கண்ணாடி வைத்திருப்பவர்.

இருவருக்கும் அந்தக் கடையில் ஒரு ஒழுங்கு உண்டு. சாமான் விலை ஏறி எல்லோரும் வரிசையில் நின்ற வருஷத்திலிருந்து, ஒரு பிளேன்டீதான் வாங்குவார்கள். புவாத் கேட்காமலே ஒரு வெறும் கிளாஸையும் கூட வைப்பான். அன்றைக்குச் சல்லி கொடுக்கிறவர் இரண்டு கிளாஸிலும் பங்கு ஊற்ற வேண்டும். எந்தக் கிளாஸ் என்று எடுப்பது மற்றவர். இதனால் இத்தனை வருஷத்தில் ஒரு துளி கூட, ஒரு துளி குறைய என்று சண்டை வந்ததில்லை.

மஷூர் கடிதத்தை ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"உலகு, நீ பணக்காரனாப் போயிட்டாய்."

"வெளையாடாத நானா. என் சல்லி ஏன் ரெண்டு மாசமா வரலேன்னு பாரு."

"அதைத்தான் செல்றன். ஒனக்கு மாசம் ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் வருமானம் ஈக்கிதாம். அதனால முதியோர் சல்லி ஐயாயிரத்தையும் வெட்டியாச்சு. மேலால வருமான வரி ஆயிரத்து அறுநூத்தி எண்பது ரூபா நீ கட்டோணும். இருபத்தொரு நாள் தவணை."

உலகப்பன் கடிதத்தைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் அங்கேயும் இல்லை.

மஷூர் விளக்கினார். வாழ்க்கைச் செலவு ஒப்பீட்டு அதிகார சபை என்று ஒன்று வந்திருக்கிறது. அது ஒவ்வொரு ஆளுக்கும் வெளிநாட்டில் அதே வயதில் ஒரு ஒப்பாளரைப் பிடித்து வைத்திருக்கிறது. உலகப்பனின் ஒப்பாளர் சுவிட்சர்லாந்தில், சூரிச்சில் இருக்கிறார். அவர் அங்கே செலவழித்து, உலகப்பன் இங்கே செலவழிக்காத சல்லி எவ்வளவோ, அது உலகப்பனின் வருமானம்.

"செலவழிக்காத சல்லியா? எங்கிட்ட இல்லாததாலதானே நான் செலவழிக்கல?"

"அந்தக் கேள்வி இதுல இல்ல. இந்தா, கேளு. அங்க ஒரு தேத்தண்ணி ரெண்டாயிரம் ரூபா. இங்க அம்பது. ஒவ்வொரு தேத்தண்ணியிலயும் ஒனக்கு ஆயிரத்துத் தொளாயிரத்தி அம்பது மிச்சம். ஒரு நாளைக்கு ரெண்டு தேத்தண்ணி. மாசம் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். பஸ்ஸில போனதுல மிச்சம் நாப்பத்தாறாயிரம். முடி வெட்டினதுல பதினஞ்சாயிரம்."

உலகப்பன் தலையைத் தடவினார். பதினொரு வருஷமாக அந்த இடத்தில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"ரெண்டு தேத்தண்ணி குடிக்கிறேன்னு எவன் சொன்னான்?"

புவாத் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "மூணு மாசத்துக்கு முந்தி கழுத்துல கார்ட் தொங்கவிட்ட ஒருத்தர் வந்தாரே. நீங்க ஊத்திக்கொண்டு ஈக்கக்குள்ள மேசையைப் போட்டோ எடுத்தாரு. ரெண்டு கிளாஸ் ஈந்திச்சு."

ஐயாயிரம் ரூபா பெரிய தொகையா என்று கேட்கிறவன் அவர் மனைவி பெத்தாளின் கண்ணைப் பார்த்ததில்லை. அவளுக்குக் கண்ணுக்குள் பிரஷர். மாதம் ஒரு சின்னப் போத்தல் மருந்து விட வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, மருந்தின் பெயர் எழுதிய துண்டுதான் கொடுப்பார்கள். வெளியே வாங்க நாலாயிரத்து முந்நூறு. விடாவிட்டால் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதை உலகப்பன் பாதிதான் நம்பினார்; ஆனால் கண் விஷயத்தில் அந்தப் பாதியே போதும்.

வீட்டுக்குப் போனபோது பெத்தாள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு நாளைக்கு வரும்ங்க. ஒரு கண்ணுக்கு மட்டும் விட்டா பதினாறு நாளு. எந்தக் கண்ணுன்னு நீங்களே சொல்லுங்க."

உலகப்பன் போத்தலை வாங்கி மூடியை இறுக்கி வைத்தார். மறுநாள் காலை நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதியில் ஒரு பஸ் என்று வெள்ளவத்தையில் போய் இறங்கினார். இறங்கும்போதே ஒரு எண்ணம் வந்தது: இந்தப் பஸ்ஸிலும் எத்தனை ஆயிரம் மிச்சமோ.

சபை, கடல் பக்கம் இறங்கும் ஒரு லேனில், புதுக் கட்டிடத்தின் நாலாம் மாடியில் இருந்தது. வாசலில் காவலாளி டோக்கன் கொடுத்துவிட்டு ஒரு கதவைக் காட்டினான். முறைப்பாடு சொல்ல வந்தவர்கள் முதலில் ஆறுதல் அறையில் கால் மணித்தியாலம் இருக்க வேண்டுமாம். அது சட்டம்.

ஆறுதல் அறை, சூரிச்சில் ஒரு வீட்டின் சமையல் குசினிபோலக் கட்டப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பஞ்சால் செய்த பனி. ஏசியை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டியிருந்தார்கள். குசினியில் இருந்த ஒவ்வொரு சாமானிலும் விலைத்துண்டு தொங்கியது. பாண் இரண்டாயிரத்து இருநூறு. முட்டை ஒன்று இருநூற்று எண்பது. குப்பைப் பைக்குக் கூட விலை. அங்கே குப்பை போடவும் காசு கட்ட வேண்டுமாம். மறைவில் ஒரு பெட்டி இனிமையான பெண் குரலில் பேசியது: "நீங்கள் இப்பொழுது அமர்ந்திருக்கும் நாற்காலி, மாத வாடகை எழுநூறு ரூபா. நீங்கள் அங்கே இல்லை. ஆறுதல் அடையுங்கள். நீங்கள் சாய்ந்திருக்கும் சுவர்..."

உலகப்பன் சுவரிலிருந்து முதுகை எடுத்துவிட்டார். எதற்கு வீணாக.

பக்கத்தில் பைல் கட்டோடு ஓர் அம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள். மேபல் என்று பெயர். அவளும் இவரைப் போலக் கொட்டாஞ்சேனைதான், கோயிலுக்குப் பின்னால். அவளுடைய ஒப்பாளர் டோக்கியோவில். டோக்கியோவில் கட்டாத வாடகையால் மேபலுக்கு மாதம் மூன்று லட்சத்துக்கு மேல் வருமானம் வந்துகொண்டிருந்தது.

"கிறிஸ்மஸுக்குக் கேக் அடிக்கவும் வழியில்ல அண்ணே," என்றாள். "இவ்வளவு சல்லியை வச்சுக்கொண்டு."

வெளியே வரும்போது ஒரு படிவம் நீட்டினார்கள். எவ்வளவு ஆறுதல் அடைந்தீர்கள்? இரண்டு பெட்டி இருந்தது. ஒன்று 'அதிகம்'. மற்றது 'மிக அதிகம்'. உலகப்பன் பிறகு போடுகிறேன் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

கவுன்டரில் நிலூஷா என்ற பிள்ளை இருந்தாள். நல்ல பிள்ளை. முகத்தில் சிரிப்பும் கையில் கணினியும் இருந்ததால் அவளைக் கோபிக்கவும் முடியவில்லை.

"அங்கிள், இது குட் நியூஸ் தானே. நீங்க நிறையச் சேமிச்சிருக்கீங்க."

"எங்கம்மா வச்சிருக்கேன்?"

"வைக்கல்ல அங்கிள். சேமிச்சிருக்கீங்க."

"சேமிச்சா ஒரு எடத்துல இருக்கணுமே. உண்டியல்ல இல்ல, பேங்க்ல இல்ல, பெத்தா தலகாணிக்கு அடியிலயும் பாத்துட்டேன்."

"அது கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு. சிஸ்டத்துக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் அதை விட்டுவிட்டுத் தேத்தண்ணிக்கு வந்தார். ஒன்றை வாங்கி இரண்டாக்கிக் குடிக்கிற ஒழுங்கை விவரமாகச் சொன்னார். யார் ஊற்றுவது, யார் எடுப்பது என்பது வரை. நிலூஷா கவனமாகக் கேட்டு, கணினியில் தேடி, உதட்டைப் பிதுக்கினாள்.

"அரைத் தேத்தண்ணிக்குக் கோட் நம்பர் இல்ல அங்கிள். அரை வந்தா ஒண்டாப் போடச் சொல்லியிருக்கு. போட்டோவில ரெண்டு கிளாஸ். ரெண்டும் உங்கட பேரிலதான் ஏறும்."

"மத்த கிளாஸ் மஷூர் நானாவோடது!"

"மஷூர் அங்கிள்ட பைலிலயும் ரெண்டு ஏறியிருக்கு."

உலகப்பன் அந்த ஒரு பிளேன்டீயை நினைத்துப் பார்த்தார். புவாத்தின் கடையில் அது ஒன்று. சபைக்கு வந்து சேர்ந்தபோது நாலு. புவாத்துக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பான்.

"சரிம்மா. அந்த சூரிச் ஆளை எடுத்துட்டு வேற ஊர்ல ஒரு ஆளப் போடு. வெலவாசி கம்மியான ஊரு. மெட்ராஸ்ல போடு. அந்த ஊரு எங்க அப்பாவுக்குத் தெரிஞ்ச ஊருதான்."

நிலூஷா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சென்னை லிஸ்டில இல்ல அங்கிள். அங்க போய் விலை எடுக்க ஒபிஸில ஒருத்தரும் விரும்பல்ல. ஒண்டரை மணித்தியாலப் பிளைட். அலவன்ஸும் குறைவு."

அந்த நேரம் மணி அடித்தது. பணிப்பாளர் நாராயணன் முறைப்பாட்டாளர்களைச் சந்திக்கும் வேளை. பதினொரு பேரையும் மண்டபத்தில் இருத்தினார்கள். கோட் போட்ட, நன்றாகச் சாப்பிடுகிற மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். ஏசியில் இருந்து இருந்து வெளிநாட்டுக் காற்றுப் பட்டவர்போல மினுங்கினார்.

"கொழும்பில சீவிக்க ஏலாது, சீவிக்க ஏலாது எண்டு எல்லாரும் சொல்றீங்க. எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க? ஒப்பிடாமச் சொன்னா அது முறைப்பாடு. ஒப்பிட்டுச் சொன்னாத்தான் அது புள்ளிவிபரம். போன வருஷம் இந்த நாட்டில எத்தனை ஏழைகள் எண்டு நான் சொல்ல விரும்பல்ல. இந்த வருஷம், ஒப்பீட்டளவில, ஒருத்தரும் இல்ல!"

பின்னால் நின்ற உத்தியோகத்தர்கள் கைதட்டினார்கள்.

"இதை ஒரு சதம் செலவழிக்காமச் செய்திருக்கிறம். பயணச் செலவைத் தவிர. சூரிச்சில ஒரு கிழமை நிண்டம். தேத்தண்ணிக்கு நான் பொறுப்பு. உடுப்புக்கு என்ட வைஃப். சொக்லட்டுக்கு மகள். சொக்லட் கணக்கில ஒரு சந்தேகம் வந்ததால திரும்பவும் போக வேண்டி வந்தது. அந்தச் செலவெல்லாம் எங்கயிருந்து வந்தது? நிறுத்தின கொடுப்பனவுகளில இருந்து! அதாவது உங்கட சல்லியிலதான் நாங்க போய், உங்களுக்குச் சல்லி தேவையில்ல எண்டு கண்டுபிடிச்சுக்கொண்டு வாறம். ஒரு நிறுவனம் தன்ட காலில நிக்கிறதெண்டா இதுதான்."

தண்ணீர் குடித்துவிட்டு வரிக்கு வந்தார். "வரியும் அப்பிடித்தான். டென்மார்க்கில சம்பளத்தில பாதிக்குக் கிட்ட வரி. அங்க ஒருத்தராவது முணுமுணுக்கிறாங்களா?"

மேபல் கையைத் தூக்கினாள். "அங்க அந்த வரிக்கு ஆஸ்பத்திரி, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் சும்மா குடுக்கிறாங்களாமே சேர்?"

பணிப்பாளர் ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். "மிஸிஸ், எங்களுக்குத் தந்தது அவங்க கட்டுற பக்கம் மட்டும்தான். அவங்களுக்குக் கிடைக்கிற பக்கத்தை ஒப்பிடுறதுக்கு வேற சபை வேணும். அதுக்கு இன்னும் கட்டிடம் கிடைக்கல்ல."

உலகப்பன் எழுந்து நின்றார். மூட்டை தூக்குகிறவன் எழுவதுபோல, முழங்காலில் கை ஊன்றி.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்த ஆளுக்கு என்னயத் தெரியுமா?"

"எந்த ஆள்?"

"என் கணக்குல இருக்கிற சூரிச் ஆளு. அவரு குடிக்கிற தேத்தண்ணிக்கு நான் இங்க வரி கட்டப் போறேன்னு அவருக்குத் தெரியுமா? எம் பொண்டாட்டி கண்ணு மருந்துக்கு வச்ச சல்லிய அவரு பேரச் சொல்லித்தானே எடுத்தீங்க? மருந்து எட்டு நாளைக்குத்தான் இருக்கு. அந்த ஆள நான் பாக்கணும்."

அந்த மண்டபத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. பணிப்பாளர் முதலில் முகத்தைச் சுருக்கினார். பிறகு பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"பதினாலாம் பிரிவில அந்த உரிமை இருக்குது பெரியவர். நேருக்கு நேர் ஒப்பீடு. நிலூஷா, இந்தப் பெரியவர்ட ஒப்பாளருக்குக் கோல் எடுங்க. ஸ்பீக்கரில போடுங்க. எல்லாரும் சூரிச்சைக் கேக்கட்டும்."

நிலூஷா பைலில் இருந்த கைத்தொலைபேசி இலக்கத்தை அழுத்தினாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ? ஆர் கதைக்கிறது? கொஞ்சம் பொறுங்கோ, ரயில் போகுது."

தொலைபேசிக்குள் ரயில் கடகடவென்று போனது. அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே, கடற்கரைப் பாதையில், அதே ரயில் கடகடவென்று போனது. தொலைபேசியில் ஊதியது. ஜன்னலிலும் ஊதியது. பணிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார். ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். நிலூஷா அதைப் பார்க்கவில்லை. அல்லது பார்க்காத மாதிரி இருந்தாள்.

"சேர், நீங்க சூரிச்சில தானே?"

"அதெப்ப பிள்ளை! நான் இஞ்ச வந்து பதினாலு மாசம். வெள்ளவத்தையிலதான் நிக்கிறன். ஆர் நீங்கள்? ஒப்பீட்டுச் சபையோ? எந்த லேன்? நில்லுங்கோ, வாறன். உங்களைத்தான் நானும் தேடுறன்."

பத்து நிமிஷத்தில் ஆள் வந்துவிட்டார். கட்டைக் காற்சட்டை, இறப்பர்ச் செருப்பு, ஒரு கையில் மீன் பை, மற்றக் கையில் ஒரு கடிதம். சவுந்தரநாயகம் என்று பெயர். முப்பத்தாறு வருஷம் சூரிச்சில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, பென்சன் எடுத்தவர். சபையின் குழு அங்கே போனபோது அவர்களுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியவில்லை. ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நின்ற இவரைப் பிடித்து, படிவத்தை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நிரப்பிக் கொடுத்த அடுத்த மாதம் மனிதர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார்.

உள்ளே வந்ததும் வராததுமாக, "எவன் அந்த உலகப்பன்?" என்றார்.

உலகப்பன் கையைத் தூக்கினார்.

சவுந்தரநாயகம் கடிதத்தை விரித்தார். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. இதில கிடக்குது, என்ட ஒப்பாளர் கொட்டாஞ்சேனை உலகப்பனாம். அவர் சீவிக்கிற மாதிரி நான் சீவிக்கேல்லையாம். அவர் வாங்காத மீனை நான் வாங்கிறது ஆடம்பரமாம். ஆடம்பரத்துக்கு மாசம் ஒன்பதினாயிரம் வரி. ரெண்டு மாசமாய் யோசிக்கிறன், ஆர் இந்த மனிசன், ஏன் இவர் மீன் வாங்கிறேல்லையெண்டு."

"சல்லி இல்ல," என்றார் உலகப்பன்.

"அது எனக்கு விளங்குது. இவையளுக்கு ஏன் விளங்கேல்லை?"

பணிப்பாளர் நாராயணன் குற்றம் பிடிபட்ட மனிதர்போலக் கொஞ்சமும் இல்லை. "இதுதான் எங்கட முறையின்ட சிறப்பு," என்றார் எல்லோருக்கும் பொதுவாக. "ஒருத்தர் செலவழிக்காததால கட்டுறார். மற்றவர் செலவழிச்சதால கட்டுறார். ஒரு பைல், ரெண்டு வரி."

நிலூஷா மெதுவாகச் சொன்னாள். "சேர், ஆனா இவர் சூரிச்சிலயே இல்ல. அப்ப அந்த அங்கிள்ட மிச்சம் சீரோ ஆகுது."

"நீங்க ஏன் சேர் அங்கயிருந்து வந்தீங்க?" என்று மேபல் கேட்டாள்.

"அங்க சீவிக்கக் கட்டாதம்மா. பென்சன் வாடகைக்கே சரி. விலை கேட்டால் தலை சுத்தும். அதுதான் இஞ்ச வந்தனான். இஞ்ச வந்து பார்த்தால், அங்க இல்லாத குற்றத்துக்கு இவருக்கு வரி, இஞ்ச இருக்கிற குற்றத்துக்கு எனக்கு வரி."

பணிப்பாளர் இரண்டு உத்தியோகத்தர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். உள்ளே கணினி தட்டும் சத்தமும் இரண்டு தரம் சிரிப்பும் கேட்டது. இருபது நிமிஷம் கழித்து ஒரு தாளோடு வந்தார்.

"பெரியவர், சபை உங்கட பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கு. வரி ரத்து. உங்கட கொடுப்பனவு ஐயாயிரம் இந்த மாசத்திலயிருந்து திரும்பவும் தரப்படும்."

மேபல் கைதட்டினாள். உலகப்பன் தட்டவில்லை.  இவ்வளவு லேசாகத் தூக்க முடிகிற மூட்டையில் உமியோ பதரோதான் இருக்கும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை.

"ஒப்பீட்டு அடிப்படையில," என்று பணிப்பாளர் முடித்தார்.

"அப்படின்னா?"

"ஐயாயிரம் ரூபா எண்டா சூரிச்சில எத்தனை தேத்தண்ணி? ரெண்டரை. உங்களுக்கும் அதே உரிமை இருக்கு. ஒரு தேத்தண்ணியும் குறைக்க மாட்டம். ரெண்டரைத் தேத்தண்ணிக்குக் கொழும்பில என்ன விலையோ அதைத் தருவம். அரைக்குக் கோட் நம்பர் இல்லாததால ரெண்டு. ரெண்டு தேத்தண்ணி நூறு ரூபா. மாசா மாசம் நூறு ரூபா."

"அதான் அந்த ஆளு இங்க வந்துட்டாரே ஐயா. பெறகு எதுக்கு சூரிச் வெல?"

"ஆள் இடம் மாறலாம். விலை மாறாது. விலை சபையின்ட சொத்து. எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தம்."

உலகப்பன் விரல் மடித்து ஒரு கணக்குப் போட்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"அன்னைக்கு நான் குடிச்ச அரைக்கு நம்பர் இல்லேன்னு முழுசா எழுதினீங்க. இன்னைக்கு எனக்கு வர்ற அரைக்கு நம்பர் இல்லேன்னு இல்லாமலே ஆக்கிட்டீங்க. ரெண்டும் ஒரே அரைதானே ஐயா?"

"ஒழுங்கும் ஒண்டுதான் பெரியவர்," என்றார் பணிப்பாளர், மிகவும் அன்பாக. "எழுதேக்க மேல. குடுக்கேக்க கீழ. இந்தத் தாளில ஒரு கையெழுத்து வையுங்க. அந்த ஆறுதல் படிவத்தையும் நிரப்பித் தாங்க. உங்களை மாதிரி ஒருத்தர் 'மிக அதிகம்' போட்டா எங்களுக்கு அடுத்த வருஷ ஒதுக்கீட்டுக்கு உதவியா இருக்கும்."

உலகப்பன் சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். இரண்டு பெட்டியையும் பார்த்தார். படிவத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் அடியில் வைத்து, மேசை ஆடுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. அந்தக் கந்தோரில் அன்றைக்கு நடந்த உருப்படியான வேலை அதுதான். தாளில் கையெழுத்து வைக்காமல் படியிறங்கினார்.

லேனின் பாதி வரை வந்திருப்பார். பின்னால் செருப்புச் சத்தம்.

"ஐயா, நில்லுங்கோ! கண் மருந்துக் கதையை அந்த அம்மா இப்பதான் சொன்னவ. மனிசிக்குக் கண்ணில பிரஷரோ? என்ன மருந்து விடுறவ?"

உலகப்பன் பாமசியில் காட்டுவதற்காக வைத்திருந்த பழைய மருந்துப் பெட்டியை நீட்டினார். சவுந்தரநாயகம் அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அட, இதையேதான் நானும் விடுறன்," என்றார். "அங்க காப்புறுதியில ஆறு மாசத்துக்கு ஒருக்காத் தருவினம். மகள் அனுப்பிறவள். வீட்டில கிடக்குது. இந்தச் சந்தியில நில்லுங்கோ."

போனவர் மீன் பை இல்லாமல் வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய, பிரிட்ஜ் குளிர் இன்னும் விடாத இரண்டு போத்தல்.

"கொண்டு போங்கோ ஐயா. சும்மாதான்."

உலகப்பன் கையை நீட்டவில்லை. "சும்மான்னா, எந்த ஊரு சும்மா?"

சவுந்தரநாயகம் சிரித்தார். உலகப்பன் சிரிக்கவில்லை, அவர் உண்மையாகத்தான் கேட்டார். நாற்பத்தொரு வருஷம் புறக்கோட்டையில் இருந்தவருக்கு அந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை கிடையாது. பக்கத்து மருந்துக்கடைப் பிள்ளையைக் கூப்பிட்டு, மருந்து அதேதானா, திகதி முடியவில்லையா என்று வாசிக்கச் சொன்னார். அதே மருந்துதான், இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. பெயர் எழுதிய பக்கத்தை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகுதான் வாங்கிச் சாரத்து மடியில் செருகினார்.

வாங்கியதற்கு ஏதாவது செய்ய வேண்டும். லேன் முனைக் கடையில் சவுந்தரநாயகத்தை உட்கார வைத்து, ஒரு பிளேன்டீயும் ஒரு வெறும் கிளாஸும் கேட்டார். கடைக்காரன் விசித்திரமாகப் பார்த்துவிட்டு வைத்தான். உலகப்பன் கழுத்தில் கார்ட் தொங்கவிட்டவன் எவனாவது நிற்கிறானா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு கண் மட்டத்தில் பிடித்து, இரண்டு கிளாஸிலும் அளவாக ஊற்றினார்.

"எடுங்க. ஊத்தினவன் எடுக்கக் கூடாது."

சவுந்தரநாயகம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு மயிரிழை கூடுதலாக இருந்ததை எடுத்தார். உலகப்பனுக்கு அது பிடித்திருந்தது. விவரமான ஆள். ஒப்பாளர் என்று ஒருவன் இருக்கத்தான் வேண்டுமென்றால், இப்படி ஒருவன் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு பேரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். கொஞ்ச நேரம் ஒரு பேச்சும் இல்லாமல் நன்றாக இருந்தது.

சவுந்தரநாயகம் கிளாஸை வைத்துவிட்டு வாயைத் துடைத்தார். "ஆனா ஐயா, அவையள் செய்யிறது பிழைதான், எண்டாலும் ஒண்டு சொல்லவேணும். இதே தேத்தண்ணி சூரிச்சில..."

உலகப்பன் எழுந்துவிட்டார். ஐம்பது ரூபாவை மேசையில் வைத்தார்.

"மருந்துக்குக் கும்புடுறேன் ஐயா. பெத்தாவும் கும்புடுவா. அந்தக் கணக்க மட்டும் நாலாம் மாடியிலயே போய்ச் சொல்லுங்க."

"கோவிக்காதேங்கோ! உண்மையைத்தானே சொல்லுறன். பஸ்ஸுக்குத்தானே போறியள்? அங்க பஸ்ஸுக்கு எவ்வளவு தெரியுமே?"

"தெரியாது. தெரியவும் வேணாம்."

பஸ் ஹோல்டில் நின்றால் பின்னாலேயே வந்து சொல்லிவிடுவார் என்று தோன்றியது. உலகப்பன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, காலி வீதியில் அடுத்த ஹோல்டை நோக்கி நடந்தார். நடப்பதற்குச் சூரிச்சில் என்ன விலை என்று அந்தக் கந்தோரில் இன்னும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.